மூன்றாம் தட்டில் இல்லாத செருப்பு

ஜனவரி 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை என்னை மலைமேல் விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது. இது அநியாயம். தெரியாமல் நடந்தது, கூட்டத்தில் நடந்தது என்று யாராவது உன்னிடம் சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

நீயும் அதே பஸ்ஸில்தானே வந்தாய், உனக்கே எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ சாட்சி, அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், பேசியதும் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் அடியில் கார்பன் தாள் வைத்து எழுதலாம். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

காலையில் இடிபாடுகளைப் பார்த்தோம். மதியம் மலைக்கோயில். அடிவாரத்தில் செருப்பு வைக்க மர அலமாரி இருந்தது. பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த அந்த வழிகாட்டிப் பெண், "நம்ம குரூப்புக்கு மூணாவது தட்டு. எல்லாரும் அதுலயே வைங்க" என்றாள். முப்பத்தொரு பேரில் முப்பது பேர் வைத்தார்கள், முழங்கால் வலியால் படி ஏறாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்ட உன்னைத் தவிர. சரி, இருபத்தொன்பது. ஏனென்றால் நானும் வைக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் வாசலில் என் புதுச் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். உச்சி வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீடு வந்தேன். அன்றிலிருந்து செருப்பைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போவேன். இது என் உரிமை.

நான் இறங்கி வந்தபோது பஸ் இல்லை. செருப்பு அலமாரிக்காரர் சொன்னார்: "மூணாவது தட்டு காலியாயிடுச்சுன்னு அந்தம்மா கிளம்பிட்டாங்களே. நீங்க எந்தத் தட்டு?"

மனிதர்களை எண்ணவில்லை, தங்கச்சி. செருப்பை எண்ணியிருக்கிறாள்.

டூர் ஆபீசுக்குப் புகார் எழுதிவிட்டேன். அவள் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பறிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். புறப்படும் முன் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்று நீ சாட்சி எழுதித் தர வேண்டும். படிவம் இதனுடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நான் நலம். உன் முழங்கால் எப்படி? மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியில்தான் தகராறு. அவர் நலம். உங்களை விசாரித்தார்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுகிறீர்களா, ராத்திரியா? போட்டதும் டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரின் மகள் என்ன படிக்கிறாள் என்று அன்றைக்குச் சொன்னீர்கள், எனக்கு மறந்துவிட்டது. எழுதுங்கள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத்தானே கடைக்குக் கிளம்புகிறீர்கள்?

புகார் விஷயம். அந்தப் பெண் மோசமில்லை, அண்ணா. வழியெல்லாம் எனக்குத்தான் கை கொடுத்து இறக்கிவிட்டாள். இந்த வயதில் நமக்கு எதற்கு இந்த வழக்கு? பஸ்தான் திரும்பி வந்துவிட்டதே. விட்டுவிடுங்களேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீ கேட்டவற்றுக்குப் பதில்: மாத்திரை போடுகிறேன். டப்பா வைக்கிற இடத்தில் இருக்கிறது. மதியம் சாப்பிட்டேன். ஜெராக்ஸ்காரர் மகள் படிக்கிறாள். அவள் என்ன படித்தால் உனக்கென்ன? நீ இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தாய் என்பதற்காக நான் உன் வார்டில் படுத்திருக்கவில்லை.

சாட்சிப் படிவம் வரவில்லை. "விட்டுவிடுங்களேன்" மட்டும் வந்திருக்கிறது. அன்றைக்கு இடிபாட்டிலும் நீ இதையேதான் சொன்னாய். நினைவில்லை என்றால் எழுதுகிறேன்.

பிக்குகள் கூடி உண்ட மண்டபம் என்று காட்டினாள். கூரை போய்விட்டது, சுவர் போய்விட்டது. தூண்கள் மட்டும் புல்லில் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஓரத்தில் சோறு கொட்டி வைக்கும் கல்தொட்டி. நம் பஸ்ஸே அதற்குள் படுக்கலாம்.

"இந்த மண்டபத்துல நூத்திருபது தூண் இருக்குங்க" என்றாள்.

நான் எண்ணிவிட்டேன். "ஏம்மா, ரெண்டு குறையுதே. நூத்திப் பதினெட்டுதான் இருக்கு."

"ஐயா, புக்ல நூத்திருபதுன்னுதான் போட்டிருக்கு."

"புக்கு இங்க வந்து எண்ணிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து, "அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்களேன். டூருக்கு வந்தோமா, ஆடிட்டுக்கு வந்தோமா?" என்றாய். முப்பது பேர் முன்னால்.

"இனிமே உன் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்றேன்.

"உக்காராதீங்க. எனக்கும் ஜன்னல் சீட்டு கிடைக்கும்" என்றாய்.

அதற்கப்புறம்தான் நான் கடைசி சீட்டுக்குப் போனேன். அந்த வரிசையில் வேறு யாரும் இல்லை. மலையில் என்னை விட்டுவிட்டுப் போனபோது என் பக்கத்தில் "இங்கே ஒருத்தர் குறைகிறார்" என்று சொல்ல ஆளில்லாமல் போனது இதனால்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எண்ணி எடுத்து, அதே எண்ணிக்கையில் புதுக்கம்பி சுற்றி, யாரிடமும் கேட்காமல் இந்தத் தொழிலைக் கற்றவன். பத்துச் சுற்று குறைந்தால் மோட்டார் புகையும். எண்ணிக்கை எனக்கு விளையாட்டு இல்லை. எண்ண வேண்டியதை எண்ணாதவர்களை நான் விட முடியாது.

மாப்பிள்ளைக்கு அன்பு. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துச் சும்மா உட்காராதே, நட.

நீ பதில் எழுதாததற்குக் காரணம் என்னவென்று யோசித்தேன். சாட்சிப் படிவத்தை நான் உனக்கு அனுப்பவே இல்லை. படிவம் இல்லாமல் நீ எதில் கையெழுத்துப் போடுவாய்? தவறு என்னுடையது. இத்துடன் அனுப்புகிறேன்.

"புறப்படும் முன் வழிகாட்டி எந்தப் பயணியிடமும் விசாரிக்கவில்லை" என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். அங்கேதான் கையெழுத்து.

அண்ணன்

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆசை. நிஜமாகவே ஆசை.

படிவம் இரண்டும் வந்தன. என் மேஜையில்தான் இருக்கின்றன. கையெழுத்து இன்னும் போடவில்லை. போட முடியுமா என்று தெரியவில்லை. கோபப்படாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். மற்றவர்கள் மலைக்கு ஏறி இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நம் குரூப்பில் மூச்சிரைக்கும் அந்த டைப்பிஸ்ட் அம்மாகூட வந்துவிட்டார். நீங்கள் மேலே அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்? உங்கள் கடிதங்களில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

அடுத்து எனக்கு எழுதும்போது, அது எத்தனையாவது கடிதம் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். கடைக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? புது மேம்பாலம் வந்த பிறகும் பழைய வழிதானா?

நான் ஒரு வாரம் வந்து தங்கட்டுமா?

உங்கள் தங்கை

*

மார்ச் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். வந்து தங்க வேண்டாம். உன் முழங்காலுக்கு என் மாடிப்படி ஆகாது.

ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. பச்சைக்குடையின் அட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 22 விசாரணை. அதுவரை அவளுக்கு எந்தக் குரூப்பும் கிடையாது. விசாரணையில் குற்றம் உறுதியானால் அட்டை திரும்பக் கிடைக்காதாம். நான் ஜெயித்தேன் என்று எழுத மாட்டேன். ஆனால் ஒரு சாதாரண வைண்டிங்காரனின் கடிதத்துக்கு ஓர் ஆபீஸ் அசைந்து கொடுத்திருக்கிறது. கடைப் பையன்களிடம் படித்துக் காட்டினேன். நேற்றும் காட்டினீர்கள் என்றார்கள். இரண்டு தடவை கேட்டால் காது தேய்ந்துவிடாது.

மேலே என்ன செய்தேன் என்று கேட்கிறாய். எண்ணிக்கொண்டிருந்தேன். உச்சியில் பெரிய வெள்ளை ஸ்தூபி. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி, ஒரு கீறல் இல்லாத வெள்ளை. சுற்றிலும் சுவரில் கல் யானைகள், தலையும் முன்காலும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. நாலு திசையிலும் நாலு புத்தர், நாலு வாசல், நாலு படிக்கட்டு. எல்லாம் அச்சு ஒன்று. யானைகள் எத்தனை என்று எண்ணினேன். எண்ணுகிறவனை அவசரப்படுத்தக் கூடாது. உன் அண்ணி இருந்தவரை, நான் கம்பி சுற்றும்போது டம்ளரோடு வந்து நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். சுற்று முடிந்து நான் தலை நிமிர்ந்த பிறகுதான் "ஆறிப்போச்சு" என்பாள். நாற்பத்தாறு வருஷத்தில் எனக்கு எண்ணிக்கை தவறியதில்லை. ஒருநாளும் தவறியதில்லை.

நான் ஏன் தாமதித்தேன் என்பது இங்கே கேள்வியே இல்லை. ஏன் என்னை எண்ணவில்லை என்பதுதான் கேள்வி.

இது எத்தனையாவது கடிதம் என்று கேட்டாயே. நகல்களை எடுத்து எண்ணினேன். நாலாவது. போதுமா?

அண்ணன்

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பச்சைக் குடையோடு வந்த வழிகாட்டி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரி புகாரின் நகலில் இருந்தது.

புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நான் செருப்பை எண்ணியது உண்மை. ஒன்பது வருஷமாக அப்படித்தான் எண்ணுகிறேன். தலைகளை எண்ணினால் ஒருவர் படம் எடுக்கப் போவார், ஒருவர் தண்ணீர் வாங்கப் போவார், எண்ணியவரையே இன்னொரு தடவை எண்ணுவேன். ஆனால் வெறுங்காலோடு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். தட்டு காலியானால் எல்லாரும் இறங்கியாயிற்று என்று அர்த்தம். இதுவரை ஒரு தடவையும் தவறவில்லை. செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அது என் தவறு, உங்களுடையது இல்லை.

தட்டைத் தவிர வேறு என்ன பார்த்தாய், யாரைக் கேட்டாய் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. வேறு யாரையும் இதற்குள் இழுக்க எனக்கு மனமில்லை.

இப்போது ஒரு சூட்கேஸ் கடையில் நிற்கிறேன். ஊருக்குப் போகிறவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அது ஒரு ஆறுதல்.

போன வாரம் மலைக்குப் போனேன், வேலையாக இல்லை, சும்மா. மேலே தோட்டவேலை செய்பவர் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தார். மேற்குப் படிக்கட்டில் கிடந்ததாம். உள் அட்டையில் உங்கள் கடைப் பெயர் இருந்ததால் உங்களுடையது என்று தெரிந்தது. இத்துடன் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் இருந்த வரியைப் படித்தது தவறு. படித்துவிட்டேன். ஆபீசுக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

வழியில் இடிபாட்டுக்கும் போய்த் தூண்களை எண்ணினேன். நிற்பவை நூற்றுப் பதினெட்டு. நீங்கள் சொன்னதுதான் சரி. இரண்டு புல்லுக்குள் விழுந்து கிடக்கின்றன. புத்தகம் எழுதியவர் அவற்றையும் சேர்த்திருக்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஐயா.

பணிவுடன்,
வழிகாட்டி

*

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

வழிகாட்டி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். வேறு யாரையும் இழுக்க மனமில்லை என்கிறாள். இழுக்கிற மாதிரி வேறு யார் இருந்தது?

இரண்டு படிவம் அனுப்பியும் நீ கையெழுத்துப் போடவில்லை. போட முடியுமா தெரியவில்லை என்று எழுதினாய். அந்த வரியை இப்போது நகலோடு சேர்த்து வைத்துப் படிக்கிறேன்.

பதில் எழுது. போன் செய்யாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தத் தடவை நலம் கேட்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கேட்டாள், அண்ணா. என்னைத்தான் கேட்டாள்.

எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, "அம்மா, உங்க அண்ணன் வந்துட்டாரா? தட்டு காலியாயிடுச்சு, ஆனா நான் அவரைப் பாக்கலை" என்றாள்.

"பின்சீட்டுல இருப்பார். வேற எங்க போவார்" என்றேன்.

"பாத்துட்டீங்களா?"

"அவரு கோவமா உக்காந்திருப்பார்ம்மா. போய்ப் பாத்தா உனக்கும் ரெண்டு விழும். நீ வண்டிய எடு."

அவள் சிரித்தாள். டிரைவருக்குக் கை காட்டினாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கழுத்தை ஒரு தடவை திருப்பியிருந்தால் போதும். நம் அப்பா மாதிரியே நமக்கும் கழுத்து திரும்பாது, கோபம் வந்தால்.

ஏரிக்கரையில் டீக்கு நிறுத்தினார்கள். இரண்டு டீ வாங்கினேன். சமாதானம் பேசத்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு பின்சீட்டுக்குப் போனேன். அங்கே உங்கள் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. கையிலிருந்த டீ கொட்டி என் புடவையில் விழுந்தது, அப்படியே போய் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

இதை ஆபீசில் அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை நாளாக உங்கள் இரண்டு படிவத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறுபடி தைரியம் வராது. நாங்கள் திரும்பி வந்தபோது அலமாரி பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இடது செருப்பு வலது காலில் இருந்தது. ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் என்னை அன்பாகப் பார்த்து, "வா தங்கச்சி, எப்ப ஊர்ல இருந்து வந்தே? சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். காலையிலிருந்து ஒன்றாகத்தான் இருந்தோம், அண்ணா. தூணுக்குச் சண்டை போட்டோம். கால் மணி நேரத்தில் உங்களுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது, கோபமும் சேர்த்து. கோபம் வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

வார்டில் எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். மாத்திரை டப்பா எங்கே, மதியம் என்ன சாப்பிட்டீர்கள், எந்த வழியாகப் போகிறீர்கள் என்று நான் கேட்டதெல்லாம் அதனால்தான். நீங்கள் எதற்கும் நேராகப் பதில் எழுதவில்லை. ஒரே படிவத்தை இரண்டு தடவை அனுப்பினீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள். எதற்கு முதலில் மன்னிப்புக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 16

டூர் ஆபீஸ் மேனேஜருக்கும், பச்சைக் குடை வைத்திருக்கும் வழிகாட்டி அம்மாவுக்கும், என் தங்கைக்கும்,

மூன்று பேரும் நலமாக இருப்பீர்களாக. ஒரே கடிதத்தை மூன்று நகல் எடுத்து மூவருக்கும் அனுப்புகிறேன். மற்றவருக்கு எழுதியதையும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆளாளுக்கு ஒன்றை மறைத்ததால்தான் ஒரு பெண் சூட்கேஸ் கடையில் நிற்கிறாள்.

எனக்கு அநியாயம் நடந்தது. அந்த வார்த்தையை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தப்பாக எழுதிவிட்டேன். இப்போது சரியாக எழுதுகிறேன்.

வழிகாட்டி செருப்பை எண்ணினார். அது தவறு. ஆனால் சந்தேகம் வந்து, என்னோடு வந்த ஆளைக் கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்று நான் புகாரில் எழுதியது பொய். எனக்குத் தெரியாத பொய். என் தங்கை பார்க்காமலே பதில் சொன்னாள்.

நான் செய்தது இது. யானைகளை எண்ணத் தொடங்கினேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். நோட்டு திரும்பி வந்ததும் பார்த்தேன், பதினோரு தடவை ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன். பதினொன்றும் வெவ்வேறு கணக்கு. கம்பி சுற்றுகிறவன் முதல் வேலையாகத் தொடக்க முனையில் ஒரு நூல் கட்டுவான். இல்லாவிட்டால் சுற்றி முடித்த பிறகு எங்கே தொடங்கினோம் என்று கண்டுபிடிக்க முடியாது. கடையில் சேருகிறவனுக்கு நான் முதல் நாளே சொல்வது இது. அன்றைக்கு நான் கட்டவில்லை. நாலு பக்கமும் ஒரே வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "நான் ஏறி வந்த படி எது?" அந்த வரியை எழுதியது எனக்கு நினைவில்லை. என் கையெழுத்துதான்.

தோட்டக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அதைப் புகாரில் நான் எழுதவில்லை. நானாக இறங்கி வந்த மாதிரி எழுதியிருந்தேன்.

நகல் எடுத்து வைப்பது என் கண்டிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில், போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று நகலைப் பார்க்காமல் என்னால் அடுத்ததை எழுத முடியவில்லை. படிவத்தை அனுப்பிய கடிதத்தின் நகலை அன்றைக்குப் பார்க்கவில்லை, அதனால் மறுபடி அனுப்பினேன். பார்த்தீர்களா, எனக்கே இது தெரிந்திருந்தது.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் பேரம் இல்லை.

மேனேஜர், 22-ஆம் தேதி வரை காத்திருக்காமல் அட்டையை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது, கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். என் புகாரைக் கிழிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அதன் மேல் வைத்துத் தைக்க வேண்டும். அடுத்தவர் படிக்கும்போது இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். வண்டி நகரும் முன் இன்னொரு ஆள் சீட்டு சீட்டாகப் போய்ப் பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்ய வேண்டும். ஓர் ஆளே குடையும் பிடித்து, கதையும் சொல்லி, கணக்கும் எடுக்க முடியாது.

வழிகாட்டி அம்மா, இனிமேல் முகத்தை எண்ண வேண்டும். செருப்பையும் எண்ணிக்கொள்ளலாம், ஆனால் இரண்டாவதாக. யாராவது கிழவன் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினால், பைக்குள் என்ன என்று கேட்க வேண்டும். அவன் கத்துவான். கத்தட்டும். மண்டபத்தில் "நிற்பது நூற்றுப் பதினெட்டு, விழுந்து கிடப்பது இரண்டு" என்று சொல்ல வேண்டும். விழுந்ததையும் புத்தகம் சேர்த்துக்கொண்டதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டையும் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நோட்டை மூடி வைத்ததற்கு நன்றி. இனி மூடி வைக்க வேண்டாம், நானே திறந்துவிட்டேன்.

தங்கச்சி, நீ மன்னிப்புக் கேட்டாய். தரவில்லை. அதற்குப் பதிலாக வேலை தருகிறேன். 24-ஆம் தேதி காலை ரயிலில் வா. டாக்டரிடம் கூட்டிப் போ. அவர் கேட்கும் கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன், நீ குறுக்கே பேசக் கூடாது. நான் தப்பாகச் சொன்னால் மட்டும், அதுவும் மெதுவாக. கடிதத்தில் நலம் கேட்பதுபோல் பரீட்சை வைக்காதே. என்ன தெரிய வேண்டுமோ நேராகக் கேள். ஜெராக்ஸ்காரர் மகள் என்ன படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நேற்றுக் கீழே போய்க் கேட்டு எழுதி வந்தேன், பல் வைத்தியம். இன்று முதல் என் நகலும் உன்னிடம் இருக்கட்டும். நான் இரண்டாம் தடவை அனுப்பினால், "வந்துவிட்டது" என்று மட்டும் எழுது. எத்தனையாவது தடவை என்று எழுதாதே.

நான் சொன்னதையே மறுபடி சொன்னால் கடைப் பையன்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டேன், தலையாட்டினார்கள்.

நான் செய்ய வேண்டியது: சட்டைப் பையில் என் முகவரியும் தங்கச்சி போன் நம்பரும் எழுதின அட்டை வைத்துக்கொள்வேன். கம்பி சுற்றுவதைக் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டு, சுற்றியதைச் சோதித்துப் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொள்வேன். வழி தெரியவில்லை என்றால் கேட்பேன். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஆனாலும் எழுதிவிட்டேன்.

கடைசியாக, ஜூலையில் மறுபடி போக வேண்டும். அதே வழிகாட்டியோடு, அதே மலைக்கு. யானைகள் எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்தத் தடவை தங்கச்சி எண்ணுவாள், நான் தொடக்க யானையின் பக்கத்தில் நிற்பேன். முழங்கால் வலிக்கும் என்று சொல்லாதே, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், நேரம் இருக்கிறது. என் செருப்பை மூன்றாம் தட்டில் வைப்பேன். எவன் எடுத்தாலும் எடுக்கட்டும். பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும், ஜன்னல் சீட்டு உனக்கே. வண்டி புறப்படும் முன் அந்த அம்மா வந்து "உங்க அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்பார்.

நீ திரும்பிப் பார். பார்த்துவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன்